குடியிருக்கும் வேலை

என் தொண்டைக்குப் பயந்து கைமாறிய வீடுகள் இந்த நகரத்தில் சில உண்டு. இப்போது அவை வீடுகளாக இல்லை. இடித்துத் தள்ளிவிட்டு அடுக்கடுக்காகக் கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்து, 'இது நான் கத்தின இடம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தை அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் தொழில் குடியிருப்பது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஊரில் எல்லாரும் வாடகை கொடுத்துக் குடியிருப்பார்கள். நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு குடியிருந்தோம்.

சம்பளம் கொடுத்தவர் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒருத்தன் மேல் கை வைப்பதற்கு முன்னால், "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கப்பா" என்று கரிசனமாகச் சொல்வாராம். அதில் வந்த பேர். யார் வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு பழப் பை இருக்கும். ஆளைப் பார்த்தால் கோபமே வராதவர் மாதிரி இருப்பார். அவர் கோபத்தைப் பார்த்தவர்கள் யாரும் வந்து சொல்கிற நிலைமையில் இல்லை.

சொத்துத் தகராறு எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதுதான் அவருக்கு முதல் வேலை. அண்ணனும் தங்கையும் ஒரு வீட்டுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். அதில் யாருக்கு அவசரமோ அவரிடமிருந்து அவர் பங்கை அடிமாட்டு விலைக்கு வாங்கிவிடுவார். பங்கு கைக்கு வந்ததும் உள்ளே ஆளைக் குடிவைப்பார். மிச்சப் பங்குக்காரர் வெறுத்துப்போய், 'எடுத்துத் தொலைங்கடா' என்று கையெழுத்துப் போடும்வரை அந்த ஆள் உள்ளேயே இருக்க வேண்டும். தடியன்களை வைத்தால் போலீஸ் வரும். குடும்பத்தை வைத்தால் வராது. அதுவும் கால்வாய்க்கரைக் குடும்பமாக இருந்துவிட்டால், சொந்தக்காரரே வாசல்வரை வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

என் வீட்டுக்காரர் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். வீடே இல்லாத மனுஷனை வீட்டுக்காரர் என்று சொல்வது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆள் நெட்டை என்பதால் டாக்டர் கூட்டத்தில் 'கம்பு' என்பார்கள். கால்வாய்க்கரையில் தகரம் போட்ட ஒற்றை அறை எங்களுக்கு. மகள் பிறந்த வருஷம் மழையில் கால்வாய் உள்ளே வந்துவிட்டது. குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க மாறி மாறி நின்றோம். தண்ணீர் வடிந்ததும் அவர் நேரே டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார். நான் தடுத்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். தடுக்கவில்லை. அவர் ஷூ போட்டார், எனக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்தார். தெருக்குழாயில் என் குடம் தானாக முன்னால் நகர்ந்தது. அந்தச் சுகம் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு சண்டையில் அவருடைய வலது முட்டி போயிற்று. டாக்டர் கைவிடவில்லை. பழப் பையோடு வந்து எங்கள் அறை வாசலில் குனிந்து நின்று, "நின்னு பாத்த வேலை போதும்பா. இனிமே குடும்பத்தோட உக்காந்து பாரு" என்றார். என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, உனக்குப் புதுசா ஒண்ணும் கத்துக்குடுக்க வேண்டாம். இங்க எப்படி இருக்கியோ, அங்கயும் அப்படியே இரு. அது போதும்" என்றார்.

அது போதும் என்பதன் அர்த்தம் எனக்கு முதல் வீட்டில்தான் விளங்கிற்று. பளிங்குத் தரை உள்ள கூடத்தில் விறகடுப்பு மூட்டிச் சமைக்கச் சொன்னார்கள். வாசல் கம்பியில் கிழிந்த போர்வைகளைக் காயப் போடச் சொன்னார்கள். சொந்தக்காரர் வந்தால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கேட்டில் ஏறி நின்று தெருவே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். உடைந்ததை ஒட்டக் கூடாது, ஒழுகுவதை அடைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: கேட்டைத் திறக்கவே கூடாது. சொந்தக்காரர் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுப்ப முடியாது. எங்கள் ஏழ்மையைத்தான் டாக்டர் வாடகைக்கு எடுத்திருந்தார். எந்த வாழ்க்கையிலிருந்து தப்பிக்க இந்தக் கூட்டத்தில் சேர்ந்தோமோ, அதே வாழ்க்கையை நல்ல வீடுகளில் நடித்துக் காட்டச் சம்பளம் கிடைத்தது.

நன்றாகவே நடித்தேன். தண்ணீர்க் குழாயில் வளர்ந்த தொண்டை இது. நான் ஒரு மூச்சு பிடித்தால் எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். மகளை மட்டும் இதில் சேர்க்கவில்லை. வாலு என்று கூப்பிடுவோம், அப்படி ஒரு சுட்டி. அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுதான் என் கச்சேரி நடக்கும். "பொண்ணு காதுல விழக் கூடாது" என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு அவள் பல நாள் தாமதமாக வருவாள். கேட்டால், "டீச்சர் விடலைம்மா" என்பாள். நானும் நம்பினேன்.

ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு ஏதாவது ஒன்றின் மேல் மனசு போய்விடும். ஒன்றில் மாடிப்படியின் மரக் கைப்பிடி, ஒன்றில் சுவருக்குள்ளேயே பெட்டி மாதிரி பதித்த அலமாரி. வாலுவுக்கு வேறு ஏக்கம். "என் கூடப் படிக்கிறவ அவ வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாம்மா. நான் எப்ப அவளை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நம்ம வீடு எது என்று நான் எதைக் காட்டுவேன்? கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பற்கள் விழுந்து முளைத்துவிட்டன.

அப்போதுதான் மூலைவீடு வந்தது.

இரண்டு தெரு சேரும் மூலையில் பழைய ஓட்டு வீடு. சுற்றிலும் கொஞ்சம் தோட்டம். பின்பக்கம் வேலைக்காரர்களுக்காகக் கட்டிய இரண்டு அறை, அதற்கென்று தனிக் குழாய், தனிக் கதவு. அண்ணன் தன் பங்கை டாக்டரிடம் விற்றுவிட்டுக் கண்காணாத இடத்துக்குப் போய்விட்டார். தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். அவள் விற்க மாட்டேன் என்று நின்றாள்.

எங்களைக் குடிவைத்த அன்று டாக்டர் பின்பக்கம் கூட்டிப் போய் அந்த இரண்டு அறையைத் திறந்து காட்டினார். "இந்த வேலையை முடிச்சுக் குடு தங்கச்சி. முன்வீட்டை என் பார்ட்டிக்கு விட்டுடுவேன். இது உங்களுது. எழுதியே குடுத்துடறேன்" என்றார். அவர் சொன்ன சொல் மாறாதவர். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அப்படித்தான். அவர் போன பிறகு நான் அந்தக் குழாயைத் திறந்தேன். முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர், பிறகு தெளிவாக. யாரும் பின்னால் நின்று 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை. நான் மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து மூடினார். வாலு இதற்குள் ஒரு அறையின் மூலையில் படுத்துப் பார்த்து, "இது என் மூலை" என்று பிடித்து வைத்துவிட்டாள்.

வழக்கம்போலக் கத்தலை ஆரம்பித்தேன். நர்ஸம்மா வேலை முடிந்து வந்து எதிர்ப்பக்கத்து மரத்தடியில் நிற்பாள். ஒல்லியான உடம்பு, தோளில் பெரிய பை. நான் கேட்டில் ஏறி நின்று அவள் பிறப்பு வளர்ப்பையெல்லாம் தெருவுக்கு எடுத்துச் சொல்வேன். அவள் பதிலே பேச மாட்டாள். வீட்டை மட்டும் பார்ப்பாள். பிறகு போய்விடுவாள். வர வர அவள் வருவது குறைந்தது. ஒரு நாள் மரத்தடிக்குப் பாதி தூரம் வந்தவள் அப்படியே திரும்பிவிட்டாள். "மனசு விட்டுப்போச்சு, இனிமே கையெழுத்துதான்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஜன்னலைத் துடைத்தேன்.

கூடத்து ஜன்னல் கண்ணாடியில் வருஷக்கணக்கான அழுக்கு. வாலு தோட்டத்தில் விளையாடுவது தெரியட்டுமே என்று ஒரு கண்ணாடியைத் துடைத்தேன். ஒன்று பளிச்சென்று ஆனதும் பக்கத்தில் இருந்தது என்னைப் பார்த்து முறைத்தது. அதையும் துடைத்தேன். வெளிச்சம் உள்ளே விழுந்ததும் தரையில் ஏதோ கோலம் மாதிரி மங்கலாகத் தெரிந்தது. மண்டி போட்டுச் சுரண்டிப் பார்த்தால் அடியில் சின்னச் சின்னக் கல்லாகப் பதித்த இலைகளும் கொடியும். என் வாழ்நாளில் அப்படி ஒரு தரையை நான் மிதித்ததில்லை. அழுக்குக்கு மேலே நடந்துகொண்டிருந்திருக்கிறேன். கூடத்தில் மூட்டியிருந்த அடுப்பை அன்றைக்கே தூக்கித் தோட்டத்தில் போட்டேன்.

அப்புறம் என் கை நிற்கவில்லை. சமையல்கட்டில் நீல ஓடு பதித்த மேடை. ஒரு ஓடு மட்டும் ஆடிக்கொண்டிருந்ததால் அவரைச் சிமெண்ட் கொண்டுவரச் சொல்லி ஒட்டினேன். ஒழுகிய குழாய்க்கு வாஷர் போட்டேன். ஜன்னல் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். "டாக்டருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவார்" என்று அவர் சொன்னார். "பின்வீட்டுல இருந்துக்கிட்டு தினம் இந்தச் சுவத்தைத்தானே பாக்கப் போறோம், கொஞ்சம் லட்சணமா இருந்தா என்ன?" என்றேன். அது சாக்கு. உண்மை என்னவென்றால் எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு வீட்டை வைத்துக்கொள்ள எனக்குத் தெரியும் என்று எனக்கே காட்ட வேண்டியிருந்தது. அவரும் முட்டியை நீட்டி உட்கார்ந்து செடிகளுக்குப் பாத்தி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

நர்ஸம்மா அன்றைக்கு மரத்தடியில் நிற்கவில்லை. நேரே கேட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஸ்டூலில் ஏறி மேல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையை விரித்துப் போட நேரம் இல்லை. கையில் ஈரத் துணி.

"இன்னைக்குக் கையெழுத்துப் போடப் போறேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு..." ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "உள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கால்வாய்க்கரையில் யாரும் யாருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்ட மாட்டார்கள். வாசலில் நின்றாலே முழுசும் தெரிந்துவிடும். நல்ல வீடுகளில் இருந்த காலத்தில் விருந்தாளி என்று ஒரு ஜீவன் எங்கள் வாசலை மிதித்ததில்லை. துடைத்துத் துடைத்து வைத்தேனே, பார்க்க ஒரு ஆள் இல்லை. எப்படி இருக்கு என்று கேட்டதும் எனக்குத் தொழில் மறந்துபோயிற்று, டாக்டர் மறந்துபோனார், யார் வீடு என்பதே மறந்துபோயிற்று.

"வாங்களேன், வந்து பாருங்களேன்" என்று சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டேன்.

கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "இந்தத் தரையைப் பாருங்க, இதுல ஒரு கல்லு கூட நகரலை. இந்த மேடை பாருங்க, என்ன நீலம். இந்த ஜன்னலைத் திறந்து பாருங்க, சத்தமே வராது" என்றேன். அவள் வீட்டை அவளுக்கே காட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பிறகு தரையில் உட்கார்ந்து ஒரு இலையின் மேல் விரலை வைத்து, "நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கறப்போ இந்த இலையிலதான் நான் உக்காரணும், அந்த இலையில அண்ணன்" என்றாள். அப்புறம் அழுதாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த வாலு அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, தோள்பையில் என்ன இருக்கிறது என்று விசாரித்தாள். "அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

எழுந்து போகும்போது நர்ஸம்மா சொன்னாள்: "இந்த வீடு செத்துப்போச்சுன்னு நெனச்சிட்டேன். அதான் விட்டுத் தொலைக்கலாம்னு வந்தேன். நான் விக்கலைம்மா. எத்தனை வருஷம் ஆனாலும் கேஸ் நடத்தறேன்." என் கையைப் பிடித்து, "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்றாள்.

அவள் தெருமுனை திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது. என் வாயாலேயே, என் கையாலேயே பின்வீட்டைத் தொலைத்துவிட்டேன். அவர் தோட்டத்துப் பாத்தியைக் காலால் கலைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் டாக்டர் பழப் பையோடு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தார். எல்லா அறையும் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார்.

"சத்தமே வரலையே" என்றார்.

"அண்ணே..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"நீ இருப்பா." என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அவ இந்த வீட்டை மறந்துட்டிருந்தா. நீ தொடச்சுத் தொடச்சு ஞாபகப்படுத்திட்டே. நான் உங்களை எதுக்குக் குடிவெச்சேன்? நீங்க இருக்கற மாதிரி இருப்பீங்கன்னு நம்பித்தானே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருடைய டிரைவர் வண்டியிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்துவந்து சுவரில் சாய்த்து வைத்தான்.

"நாளைக்கு மத்தியானம் பேச வாங்கன்னு அந்தம்மாவுக்குச் சொல்லி அனுப்பிருக்கேன். அவங்க வர்றப்போ இந்தத் தரை இருக்கக் கூடாது. மேடை இருக்கக் கூடாது. அவங்க கண்ணால பாக்கணும். நீ கத்தற கத்தல்ல காது அடைக்கணும். அப்புறம் கையெழுத்து தானா வரும்." இவருடைய தோளைத் தட்டினார். "செஞ்சிட்டா பின்வீடு உங்களுதுதான். நான் பேச்சு மாற மாட்டேன். செய்யலைன்னா, கம்பு, உனக்கு இன்னொரு முட்டி இருக்கு."

மறுநாள் வாலுவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஆரம்பித்தோம். அவர் கடப்பாரையை ஓங்கினார். கால் ஊன்றவில்லை; அடி பக்கவாட்டில் விழுந்து ஒரு இலையின் நுனி மட்டும் சிதறிற்று. மறுபடி ஓங்கினார். நெற்றியெல்லாம் வியர்வை. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "குடுங்க, நான் செய்யறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டில் எது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்குத்தான் தெரியும். சமையல்கட்டுக்குப் போனேன். நான் சிமெண்ட் வைத்து ஒட்டின நீல ஓட்டின் அடியில் நுனியைக் கொடுத்து நெம்பினேன். அது வந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த வரிசை முழுக்கப் பின்னாலேயே வந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். தனிக் கதவு, தனிக் குழாய், வாலுவின் மூலை என்று ஒவ்வொரு அடிக்கும் ஒன்றைச் சொல்லிக்கொண்டேன். குழாயை அடித்தேன், வாஷர் தெறித்துத் தண்ணீர் பீச்சியது. ஜன்னல் கண்ணாடிக்குக் கையை ஓங்கினேன்.

அப்போது கேட்டுப் பக்கம் என் குரல் கேட்டது.

நான் உள்ளே நிற்கிறேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே என் குரல் கத்துகிறது. "யாருடி நீ, வாசல்ல நின்னு வேவு பாக்கறவ? உனக்கு வெக்கம் இல்லை? தொட்டுப் பாரு கேட்டை, தெருவையே நாறடிக்கிறேன் பாரு..." நான் மூச்சு வாங்குகிற இடத்தில் அது மூச்சு வாங்கியது. நான் கையைத் தட்டுகிற இடத்தில் தட்டியது. அதற்கப்புறம் நான் சொல்கிற வார்த்தைகளும் வந்தன. அவற்றை இங்கே சொல்ல மாட்டேன்.

ஓடினேன். வாலு கேட்டின் கீழ்க்கம்பியில் ஏறி நின்றிருந்தாள். முதுகில் பள்ளிக்கூடப் பை. பின்னலை அவிழ்த்துத் தலையை விரித்துப் போட்டிருந்தாள். அந்தப் பக்கம் நர்ஸம்மா. அவள் கையில் ஒரு கலர் பென்சில் பெட்டி, ரிப்பன் கட்டியது, அப்படியே நீட்டினபடி இருந்தது.

வாலு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள். "பள்ளிக்கூடத்துல சீக்கிரம் விட்டுட்டாங்கம்மா. நீ உள்ள வேலையா இருந்தே, அதான் நானே கத்தினேன். சரியா கத்தினேனா? இனிமே பின்வீடு நமக்குத்தானே?"

டீச்சர் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமும் தெருமுனையில் நின்று நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அப்புறம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது.

நர்ஸம்மா வீட்டைப் பார்க்கவில்லை. உள்ளே தண்ணீர் பீச்சுகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் வாலுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கையெழுத்துப் போட்டுடறேன்மா" என்றாள் என்னிடம். "குழந்தையை நிறுத்தச் சொல்லுங்க."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றால் போதும், பின்வீடு எங்களுடையது. குழாய், கதவு, மூலை எல்லாம். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று எப்படிச் சொல்வேன்? அந்தக் கேட்டில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வாலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சைக்கு மார்க் கேட்கிற மாதிரி.

அவளைக் கம்பியிலிருந்து இறக்கினேன். தலைமயிரை அள்ளிச் சேர்த்துப் பின்னிவிட்டேன். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்து, பூட்டையும் சாவியையும் நர்ஸம்மா கையில் வைத்தேன்.

"போடாதீங்க" என்றேன். "உள்ள வந்து உக்காருங்க. யார் சொன்னாலும் எழுந்துக்காதீங்க. கூட வேலை பாக்கறவங்க இருந்தா வரச் சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்தேன் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வைவார் என்று நினைத்தேன். "என் ஷூவை எங்க வெச்சே?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"நானே டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அவங்க இங்க தேடிக்கிட்டு வந்தா நல்லா இருக்காது. பொண்ணு இருக்கா."

ஷூவை எடுத்துக் கொடுத்தேன். அவர் குனிந்து கட்ட முடியாததால் நான்தான் கயிறு கட்டிவிட்டேன். இறுக்கிக் கட்டுடி என்றார். இறுக்கியே கட்டினேன்.

நானும் வாலுவும் கால்வாய்க்கரை அறைக்கே திரும்பிவிட்டோம். அவரை ஒரு வண்டியில் கொண்டுவந்து அங்கே இறக்கிவிட்டார்கள். டாக்டர் சொன்ன சொல் மாறவில்லை. இடது முட்டி. பக்கத்தில் ஒரு பை பழம்.

நர்ஸம்மா எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வேலை முடித்த நர்ஸுகள் முறை வைத்துக்கொண்டு உடுப்போடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்களாம். டாக்டருக்கு நர்ஸுகளைக் கண்டால் பயம் போலிருக்கிறது, கடைசியில் சமாதானத்துக்கு வந்துவிட்டார். முன்வீடு அவளுக்கு, பின்வீடு டாக்டர் பங்குக்கு. அந்த இரண்டு அறையில் இப்போது ஒரு பெரிய பூட்டுத் தொங்குகிறது. நான் பார்க்கவில்லை, கேள்விதான். மேடைக்கு அதே நீலத்தில் ஓடு தேடிப் பிடித்துப் பதித்திருப்பதாகவும், ஒரு நாள் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்றும் நர்ஸம்மா ஆள் அனுப்பினாள். நான் போகவில்லை. போனால் ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். கீல் சத்தம் போடுகிறதா என்று காது கொடுப்பேன். அப்புறம் அங்கிருந்து கிளம்பி வருவதற்கு என்னிடம் கால் இருக்காது.

ஆபீஸ் ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. நன்றாகவே துடைக்கிறேன், ஆனால் தரைக்கு அடியில் எதையும் தேடுவதில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து பழைய ஷூக்களுக்கு அடி தைக்கிறார். தண்ணீர்க் குழாயில் என் குடம் இப்போது தானாக முன்னால் போவதில்லை. கத்த வாய் நமநமக்கும். ஒரு மூச்சு பிடித்தால் போதும். பக்கத்தில் வாலு நிற்பாள், பேசாமல் இருந்துவிடுவேன்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு அவள் கூடவே இன்னொரு பெண்ணும் வந்தாள். சுத்தமான சாக்ஸ், இரட்டைப் பின்னல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதான் எங்க வீடு" என்று வாலு சொன்னாள். நான் அவசர அவசரமாகப் பாயைத் தட்டிப் போட்டேன். வந்த பெண்ணுக்குச் சுற்றிக் காட்டினேன். சுற்றவே தேவை இல்லாமல் நின்ற இடத்திலேயே காட்டி முடித்துவிட்டேன். அந்தப் பெண் நல்ல பெண், முகத்தைச் சுளிக்கவில்லை. தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மத்த ரூமெல்லாம் எங்கே?" என்று கேட்டாள்.

அவர் தைப்பதை நிறுத்திவிட்டார். நான் டீ போடத் திரும்பினேன்.

"பின்னாடி ரெண்டு ரூம் இருக்கு" என்றாள் வாலு, கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டி. "தனிக் குழாய் இருக்கு. என் மூலை கூட அங்கதான் இருக்கு. இன்னும் எங்களுக்கு வரலை."